தெத்துப்பல் தெரிகிற படம்

அச்சு மை வாசம் வந்தால் போதும், பின்னாலேயே வெடிமருந்து வாசமும் வந்துவிடுகிறது எனக்கு. திருத்தங்கல் அச்சகத்தில் அன்றைக்கு இரண்டும் சேர்ந்தே நின்றன. மை மெஷினில்; மருந்து என் பக்கத்தில் நின்ற எதிர்வீட்டுத் தம்பியின் சட்டையில். அவனும் அவன் மனைவியும் ஒரே பட்டாசுக் கம்பெனி. முந்தின நாள் வெடித்த அறையில் இருந்தது அவள் மட்டும்.

கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்குப் படம் வேண்டும். இரண்டுதான் இருந்தன. ஒன்று கம்பெனி அடையாள அட்டைக்கு எடுத்தது. அப்படியொரு துல்லியம், மூச்சைப் பிடித்துக்கொண்ட முகம். இன்னொன்று என் போனில். ஒரு சாயங்காலம் வேலை விட்டு வந்தவள், முகம்கூடக் கழுவாமல், "என்னைய ஒண்ணு எடுங்கண்ணே" என்று நின்றாள். எடுக்கிற நேரம் பார்த்து எதற்கோ சிரித்துத் திரும்பிவிட்டாள். கன்னமெல்லாம் வெள்ளியாய் அலுமினியத் தூள், உதட்டை மீறிய தெத்துப்பல், எல்லாம் கலங்கல். கலங்கிய படங்களை அன்றைக்கே அழித்துவிடுகிற ஆள் நான். இது எப்படித் தப்பியதோ.

டிசைனர் போனை வாங்கிப் பார்த்தார். "ஏண்ணே, தெரு ஆடுச்சா, நீங்க ஆடுனீகளா? விடுங்க, ஆப்ல போட்டா சரியாயிரும்."

திரையில் இமைமயிர் ஒவ்வொன்றாய் முளைத்தது. தூள் போனது. பல் வரிசைக்கு வந்தது. எனக்கும் அது நல்ல படமாகத்தான் தெரிந்தது.

தம்பி குனிந்து பார்த்தான். "இது யாரு?"

"உங்க சம்சாரந்தாங்க. கிளியராக்கியிருக்கு."

"அவ இல்ல."

"அப்ப ஐடி கார்டு போட்டோவப் போட்டுருவோமா? அதுல ஒரு புள்ளி கொறை சொல்ல முடியாது."

அவன் கத்தவில்லை. "ஆஸ்பத்திரியில மெட்டியப் பாத்துத்தான் அவதான்னு சொன்னேன். இங்கனயாச்சும் மூஞ்சியப் பாத்துச் சொல்ல விடுங்க."

மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. காலண்டர் தாள்களில் சாமிகள் வந்து வந்து விழுந்தன. ஒரு சாமிக்கும் கண் கலங்கவில்லை.

டிசைனர் பழைய படத்தையே எடுத்துப் பெரிதாக்கினார். பெரிதாக ஆகக் கலங்கல் கூடியது. தெத்துப்பல் மட்டும் கரையாமல் நின்றது.

"கோவிச்சுக்கிடாதீக," என்றார் மெதுவாக. "அடியில எங்க பிரஸ் பேரு போடல. பாக்குறவன் எங்களுக்கு அடிக்கத் தெரியலன்னுருவான்."

"பேரு வேணாம்."

மை காயாத போஸ்டர் கட்டையும் பசை வாளியையும் பைக்கில் வைத்துக்கொண்டு தம்பி ஒட்டக் கிளம்பினான். நான் பஸ்ஸுக்கு நடந்தேன். வண்டியைக் கிளப்பியவன் கூப்பிட்டான்.

"அண்ணே, போன்ல இருக்கிறத அழிச்சிராதீக."