வீடு காட்ட வந்த அருளப்பு அண்ணை

வாசலில் பனி அள்ளிக்கொண்டிருந்தபோது அருளப்பு அண்ணையின் மகள் ஜெனிற்றா தொலைபேசியில் அழைத்தார். "அங்கிள், அப்பா மோசம் போயிட்டார்" என்றார். அண்ணை இறந்த செய்தி அது. மண்வெட்டியைச் சுவரில் சாத்திவிட்டு அப்படியே படியில் இருந்துவிட்டேன்.

ரொறன்ரோவில் தமிழ் நாடகம் பார்த்தவர்களுக்கு அருளப்பு அண்ணையின் முகம் தெரியும், பெயர்தான் தெரியாது. கல்யாணத் தரகர், டொக்டர், பெண்ணின் சித்தப்பா என்று கதாநாயகனுக்குப் பக்கத்தில் நிற்கிற எல்லாருமே அவர்தான். மன்னாரில் கூத்தாடத் தொடங்கியவர். இங்கே பகலில் பாண் பேக்கரியில் வேலை. மாலையில் மில்லிக்கனில் ஒரு பேஸ்மென்ற்றில் ஒத்திகை. வந்ததும், "தேத்தண்ணி கிடக்கோ?" என்பார். அதன் பிறகுதான் நாடகம்.

என் முதல் நாடகம் மேடையேறிய அன்று கதாநாயகன் நெடுஞ்சாலையில் பனிக்குள் அகப்பட்டுவிட்டார். மண்டபம் நிறையச் சனம். ஆட்டம் இல்லை என்று சொன்னால் இனி ஒருவரும் எனக்கு மேடை தரப்போவதில்லை. அண்ணைக்கு அன்று வீடு விற்கும் ஏஜென்ற் வேடம். வசனம் இரண்டே வரி.

"நீர் திரையைத் திறவும் தம்பி. அவர் வருமட்டும் நான் வீட்டைக் காட்டுறன்."

காட்டினார். சபையையே வீடு வாங்க வந்தவர்களாக்கிவிட்டார். அட்டைச் சுவரைத் தட்டி, கல்லுப்போல இருக்கு என்றார், சுவர் ஆடியது. பேஸ்மென்ற்றை வாடகைக்கு விட்டால் மோட்கேஜ் கடன் தன்பாட்டில் ஓடும் என்றார். முன்வரிசை அன்ரி ஒருவர் குசினி சின்னன் என்று குறை சொல்ல, "சமைக்கப் போறியளோ, கிரிக்கெற் விளையாடப் போறியளோ?" என்று கேட்டார். சனம் வயிறு குலுங்கச் சிரித்தது. கதாநாயகன் பனி தட்டாத சப்பாத்தோடு ஓரத்தில் வந்து நின்றதைக் கண்டதும், நான் எழுதிய இரண்டு வரியையும் பிசகாமல் சொல்லிவிட்டு இறங்கினார். நாடகம் தப்பியது, நானும் தப்பினேன்.

பிறகு ஆங்கிலத் தொலைக்காட்சியும் அவரைத் தேடி வந்தது. ஒரு தொடரில் தமிழ்க் கடைக்காரர் வேடம். கள்ளனைக் கண்டீரா என்று பொலிஸ் கேட்க, அவருடைய பாஷையில் 'யெஸ்' சொல்லச் சொன்னார்களாம். அண்ணை "ஓம்" என்றார். இயக்குநர் அதை மந்திரம் என்று நினைத்துப் பின்னணியில் கோயில் மணியை அடிக்க விட்டுவிட்டார். அண்ணை கத்தோலிக்க வேதக்காரர், ஞாயிறு பூசை தவறாதவர். "ஓமெண்டு சொன்னதுக்கு என்னை ஐயராக்கிப் போட்டாங்கள்" என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

நேற்று, அவரைப் பார்வைக்கு வைத்திருந்த மண்டபத்தில் ஜெனிற்றாவிடம் என் நன்றியைச் சொன்னேன். உங்கள் அப்பா அன்று வாய்க்கு வந்ததைப் பேசிச் சமாளித்திராவிட்டால் நான் இன்று நாடகமே எழுதியிருக்கமாட்டேன் என்றேன். அவர் என்னை விளங்காமல் பார்த்தார். அந்த வீட்டுக் காட்சியை அப்பா வீட்டில் எத்தனையோ தரம் நடித்துக் காட்டியிருக்கிறாராம்.

"ஆனா அங்கிள், அதில தன்ர வசனம் ஒண்டும் இல்லை, எல்லாம் தம்பி எழுதினது எண்டுதானே அப்பா சொன்னவர்."

அண்ணைக்குப் பக்கத்தில் போய் நின்றேன். அண்ணையின் கைகளில் செபமாலை சுற்றியிருந்தது. அவரோடு நடித்தவர்கள் ஒவ்வொருவராக வந்து நெற்றியைத் தொட்டுவிட்டுப் போனார்கள். நானும் தொட்டேன்.

அண்ணை, நான் எழுதியது இரண்டு வரிதான். மிச்சமெல்லாம் உங்களுடையது. உங்களைத் தெரிந்தவர், தெரியாதவர் எல்லாருக்கும் முன்னால் இதைச் சொல்லிவிட்டேன். நிம்மதியாய்ப் போய்வாருங்கள்.