எட்மன்ரனில் பனி முந்தும் என்றார்கள்

குளிர்காலம்தான் அன்புராசாவின் வேலைக்காலம். ரொறன்ரோ விமான நிலையத்தில், புறப்படும் விமானங்களின் இறக்கைகளில் உறைந்த பனியைச் சூடான திரவம் பீய்ச்சிக் கரைப்பவர்களில் அவரும் ஒருவர். ஒக்டோபரில் தொடங்கினால் சித்திரை வரை லீவு கிடையாது. மகள் கஜனிக்கோ கோடையில் லீவு கிடைக்காது. தாய் இறந்த மறுவருடமே எட்மன்ரனுக்குத் தாதி வேலைக்குப் போனவள் அவள். மூன்று வருடமாக அவளைப் போனில்தான் பார்த்தார்.

போன செப்டம்பரில் தொலைக்காட்சியில் இலையுதிர்கால வானிலைக் கணிப்புச் சொன்னார்கள். அத்திலாந்திக் கரையில் புயல், பசிபிக் பக்கம் ஓயாத மழை, எட்மன்ரன் இருக்கும் புல்வெளி மாகாணங்களில் முந்திய பனி. ரொறன்ரோ இருக்கும் ஒன்ராறியோவில் மட்டும் நவம்பர் நடுப்பகுதி வரை வெயில். அன்புராசா எழுந்துபோய்ச் சத்தத்தைக் கூட்டினார். மகளைப் பார்க்க ஒக்டோபரில் ஒரு கிழமை லீவு தருவீர்களா என்று மேற்பார்வையாளர் கிளிபோட்டிடம் கேட்டபோது, போய்வரலாம், ஆனால் குளிர் தொடங்கினால் உடனே திரும்ப வேண்டும் என்றார்.

ஒக்டோபர் கடைசியில் அவர் போய் இறங்கியபோது எட்மன்ரனில் வாசற்படி தெரியாமல் ஸ்னோ கொட்டியிருந்தது. கஜனி தலைமயிரை அள்ளி முடிந்துகொண்டு குசினிக்குள் போன விதம் அச்சாகத் தாயைப் போலவே இருந்தது. போன் அதை அவருக்குக் காட்டியிருக்கவில்லை. அவர் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மகள் வேலைக்குப் போக முன்னம் காரில் உறைந்த பனியைச் சுரண்டினார். வந்து சாப்பிடச் சமைத்து வைத்தார். ஒரு கிழமை நிற்க நினைத்து வந்தவரைக் கிளிபோட் நான்காம் நாளே கூப்பிட்டார். கணிப்புப் பிழைத்து, ரொறன்ரோவில் குளிர் இறங்கிவிட்டது.

அவரை விமானம் ஏற்றிவிட வந்த கஜனி, காரை நிறுத்தியும் இறங்கவில்லை.

"இஞ்சையும் பிளேன் பறக்குதுதானே அப்பா. நீங்கள் இஞ்ச வந்திருங்கோவன்."

அவள் திரும்பி வருவாள் என்றுதான் ரொறன்ரோவுக்குப் பக்கத்து அஜக்ஸில் இருந்த தன் வீட்டில் அவளுடைய அறையை அவர் கூட்டித் துடைத்து வைத்திருந்தார். அவள் வரமாட்டாள் என்பது இப்போதுதான் விளங்கியது.

"வாறன் பிள்ளை. இந்த வின்ரர் முடியட்டும்."

வீட்டை விற்கக் கொடுத்துவிட்டார். எட்மன்ரன் விமான நிலையத்தில் வேலைக்கும் கேட்டிருக்கிறார். வேலையில்லாத மாலைகளில் அப்பாவும் மகளும் போனில் கதைக்கிறார்கள். கதை முடிந்த பின்னும் இரண்டு பேரும் உடனே போனை வைப்பதில்லை.