மூட்டைக்கு அனுமதி இல்லை

சியால்தா மேம்பாலத்தடியில் வசிக்கும் ஜமுனா பைராகிக்கு ஈஸ்ட் பெங்கால் கால்பந்து அணி என்றால் உயிர். அது பரம எதிரியான மோகன் பாகானோடு மோதும் நாளில், மூட்டையோடு வந்தவளை மைதான வாசலில் காவலாளி மறித்தான்.

"மூட்டைய வீட்ல வச்சிட்டு வா, மாசி."

"இதுதாம்ப்பா வீடு."

"அப்ப உள்ள விட முடியாது."

வெளியே வைத்தால் திரும்பும்போது இருக்காது. பின்னாலிருந்து ஒருவன் சிரித்தான்: "இருக்க இடமில்ல, இதுக்கு மேட்ச் வேற."

ஜமுனா அங்கேயே மூட்டையை அவிழ்த்தாள். மூன்று புடவைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றிக்கொண்டாள். மேலே ஸ்வெட்டர், போர்வை, அதற்கும் மேலே தன் அணியின் சிவப்பு மஞ்சள் சட்டை. மூட்டைத் துணி தலைக்கட்டாயிற்று. சமைக்கும் சட்டியை மட்டும் வாசலில் டீ விற்ற மோகன் பாகான்காரனிடம் கொடுத்தாள்.

"தோத்த கோவத்த இதுமேல காட்டாத."

பிறகு காவலாளியிடம் சீட்டை நீட்டினாள்.

"இப்ப மூட்ட எங்கன்னு காட்டு."

அவன் வழிவிட்டான்.