ஒன்பதா, ஏழா? மஸ்ஜித் தானாவிலிருந்து மலாக்காவுக்கு இருபது மைல்

போன வாரம் ஒரு தம்பி இந்தப் பக்கத்தில் கேட்டிருந்தார்: மஸ்ஜித் தானாவிலிருந்து மலாக்கா டவுனுக்குக் கடற்கரைப் பக்கமாகச் சைக்கிளில் போகலாமா, வழியில் என்ன பார்க்கலாம் என்று. தாராளமாகப் போகலாம். பெரிய மேடு எதுவும் கிடையாது. ஆனால் அந்தச் சாலை என்றாலே எனக்கு நினைவுக்கு வருவது 1953 ஜூலையில் டிரைவிங் டெஸ்டுக்காக நான் போன பயணம்தான். எனக்குத் தொண்ணூறு தாண்டிவிட்டது. இனியும் எழுதாமல் தள்ளிப்போட்டால் அது சோம்பேறித்தனம் இல்லை, முட்டாள்தனம்.

அப்போது மலாயாவில் அவசரகாலம், காட்டுக்குள் கம்யூனிஸ்ட் கெரில்லாக்கள். மஸ்ஜித் தானாவிலிருந்து இரண்டு மைல் உள்ளே இருந்த ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் நான் நர்ஸ். தொழிலாளர் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி. காலை ஆறு மணிக்குத்தான் கேட் திறப்பார்கள். காட்டில் இருப்பவர்களுக்குப் போய்விடும் என்று ஒரு பிடி சோறுகூட வெளியே கொண்டுபோக விடமாட்டார்கள். ஆஸ்பத்திரிக்கென்று ஒரு வேன் இருந்தது. அதை ஓட்டியவரைக் குறிவைத்து ஒருநாள் தோட்டத்துச் சாலையில் சுட்டார்கள். அவருக்கு ஒரு கீறல்கூட விழவில்லை, ஆனால் மறுமாதமே நாகப்பட்டினத்துக்குக் கப்பல் ஏறிவிட்டார். அந்த வேலைக்கு வேறு யாரும் வரவில்லை. வேன் தார்ப்பாய் மூடிக் கிடந்தது.

லாரி டிரைவர் மாணிக்கம் அண்ணன் இருந்தார். ஆனால் அவர் காலை ஆறு மணிக்கே ரப்பர் ஏற்றிக்கொண்டு எதிர்த்திசையில் தம்பின் ரயில் நிலையத்துக்குப் போய்விடுவார். திரும்ப மூன்று மணி தாண்டும். 1952 அக்டோபரில் அஞ்சலை என்ற பால்மரம் வெட்டும் பெண்ணுக்குப் பிரசவத்தில் ரத்தப்போக்கு. காலை ஒன்பது மணிக்கு என்னிடம் தூக்கி வந்தார்கள். மலாக்கா பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பியே ஆக வேண்டும். லாரி வந்தது மூன்று இருபதுக்கு. அவள் இறந்தது இரண்டரைக்கு. ஆறு மணி நேரமும் நல்ல நிலையில் ஒரு வேன் இருபது அடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தது. எனக்கு அன்று வந்த கோபம் இன்றும் தணியவில்லை.

மறுநாளே தோட்டத்துத் துரையிடம் போய், நானே வேனை ஓட்டுகிறேன் என்றேன். வெள்ளைக்காரர்தான், ஆனால் தோட்டத்துத் தமிழை நன்றாகவே பேசுவார். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஆறு டெஸ்ட் கம்பெனி செலவு. அதுக்கு மேல கேக்காத" என்றார். ஆறு எதற்கு, ஒன்று போதாதா என்று நான் மனதுக்குள் சிரித்துக்கொண்டேன்.

மாணிக்கம் அண்ணன்தான் எனக்குக் குரு. வேனின் தார்ப்பாயை எடுத்துவிட்டு, மாலை மூன்றரையிலிருந்து ஐந்து மணிவரை தோட்டத்துச் சாலையில் பாடம். மனிதருக்குக் கார் ரேஸ் பைத்தியம். துரை படித்து முடித்த ரேஸ் பத்திரிகைகளை வாங்கி வருவார். ஆங்கிலம் தெரியாது என்பதால் நான் படித்துச் சொல்ல வேண்டும். அதுதான் அவர் கேட்ட கூலி. அந்த வருடங்களில் உலகப் பட்டப் போட்டியில் ஓர் இத்தாலிக்காரர் யாரையும் கிட்டே நெருங்கவிடாமல் ஓட்டிக்கொண்டிருந்தார். 1952 ஜூனில் பெல்ஜியத்தில் ஜெயித்தவர், அதன் பிறகு கலந்துகொண்ட ஒரு ரேஸையும் விடவில்லை. லாரி ஷெட்டின் பலகையில் அண்ணன் அவருடைய வெற்றிக்கு ஒவ்வொரு சாக்பீஸ் கோடு போடுவார். பலகையில் பாதி இடம் சும்மா கிடந்தது. அதில் என் தோல்விகளுக்குக் கோடு போட ஆரம்பித்தார்கள், படுபாவிகள்.

ஆமாம், தோற்றேன். நவம்பர், டிசம்பர், பிப்ரவரி, மார்ச், ஏப்ரல். ஐந்து முறையும் ஒரே காரணம்: சந்திப்பில் வண்டியை நிறுத்தவில்லை. அது என் கால் செய்த தப்பு, கால் கற்ற பாடம் அப்படி. எங்கள் தோட்டங்களில் டிரைவர்கள் எல்லாருக்கும் ஒரே பாடம்தான்: சாலைக்கு நடுவில் ஓட்டு, வளைவில் வேகத்தைக் குறைக்காதே, எந்தக் காரணத்துக்கும் நிற்காதே.

"அண்ணே, டெஸ்டுல நிக்கணும்ங்கறாங்க. நிக்க சொல்லிக் குடுங்க."

"நிக்கறதுக்கா? நின்னா சுடுவான் தங்கச்சி. நம்ம ரோட்டுல நான் நிக்கச் சொல்லித் தரமாட்டேன்லா. ஓட்டத்தான் சொல்லித் தருவேன்."

அவர் சொன்னதும் நியாயம்தான். அதனால்தான் பிரச்சினையே.

மே மாதக் கடைசியில் ஆறாவது டெஸ்ட். அதற்கு முதல்நாள் ராணுவம் சாலையை அடைத்துவிட்டது, இரண்டு நாளுக்கு ஈ காக்கை நகரவில்லை. நான் போகவே இல்லை. ஆனால் கிராணி, அதாவது எங்கள் ஆபீஸ் குமாஸ்தா, பதிவேட்டில் 'ஆறாவது: தோல்வி' என்று அழகாக எழுதி வைத்துவிட்டார். எனக்குக் கொடுத்த ஆறும் முடிந்துவிட்டதாம். ஜூன் முதல் வாரத்தில் தார்ப்பாயை மறுபடி இழுத்து மூடினார்கள். அப்போது லயத்தில் நான்கு பெண்கள் நிறைமாதமாக இருந்தார்கள்.

அதே மே மாதக் கடைசியில் அமெரிக்காவில் ஒரு ரேஸ் நடந்தது. உலகப் பட்டக் கணக்கில் அதுவும் சேர்த்தி, ஆனால் ஐரோப்பாக்காரர்கள் பெரும்பாலும் போகமாட்டார்கள். நம் இத்தாலிக்காரரும் அந்த வருடம் போகவில்லை. அதற்கு முன் தொடர்ச்சியாக ஏழு வெற்றி. அதன் பிறகு ஜூனில் ஹாலந்து, பெல்ஜியம் என்று இன்னும் இரண்டு. அப்படியானால் தொடர் வெற்றி ஒன்பதா, இல்லை அமெரிக்காவில் அறுந்துபோய் ஏழோடு நின்றுவிட்டதா? லாரி ஷெட்டில் இதற்காகப் பெரிய சண்டை. எங்கள் துரைக்கும் பக்கத்துத் தோட்டத்துத் துரைக்கும் அதைவிடப் பெரிய சண்டை. இன்றைக்கும் சாதனைப் பட்டியல் போடுபவர்கள் இதற்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி போடுகிறார்கள். அறுபது வருடம் கழித்து ஒரு ஜெர்மன்காரர் அந்த ஒன்பதைத் தொட்டார், பிறகு ஒரு டச்சுக்காரர் பத்து எடுத்தார். அது வேறு கதை.

ஜூன் கடைசியில் அந்தச் சண்டையைக் கேட்டு இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் காலை ஆபீசுக்குப் போனேன். கிராணி பதிவேட்டோடு உட்கார்ந்திருந்தார்.

"துரை, அந்த இத்தாலிக்காரர் வரிசையா எத்தன ஜெயிச்சிருக்காரு?"

"ஒம்பது" என்றார் துரை, நாற்காலியில் நிமிர்ந்து.

"பக்கத்துத் தோட்டத்து துரை ஏழுதான்னு சொல்றாராமே?"

"அவனுக்கு என்னா தெரியும்? அமெரிக்கா ரேஸுக்கு அந்தாளு போகவே இல்ல. போகாத ரேஸுல எப்புடி தோப்பான்?"

"அதே மே மாசந்தான் துரை, நானும் போகல. மிலிட்டரி ரோட்ட அடச்சிருந்திச்சி. போகாத டெஸ்டுல நான் எப்புடி தோத்தேன்?"

கிராணி பேனாவை மூடித் திறந்தார். துரையின் கழுத்து சிவந்து, அது காதுவரை ஏறியது. ஏழு என்று ஒப்புக்கொண்டால் பக்கத்துத் தோட்டத்துத் துரை முகத்தில் எப்படி விழிப்பது? நான் நகராமல் நின்றேன்.

"கிராணி, அந்த மே மாசத்த அடிச்சிரு" என்றார் கடைசியில். பிறகு என்னைப் பார்த்து, "இது கடேசி. புரியுதா?"

"புரியுது துரை."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என்னைக் கேட்டால் ஏழுதான் சரி. பட்டியலில் இருக்கிற ரேஸ் என்றால் ரேஸ்தான். ஆனால் அன்று எனக்கு ஒன்பது தேவைப்பட்டது, அதனால் ஒன்பது.

ஜூலை இரண்டாம் வாரம், வியாழக்கிழமை டெஸ்ட். அதற்கு முந்தைய ஞாயிறு பிரான்சில் ரேஸ், இத்தாலிக்காரர் நாலாவதாக வந்தார் என்று பேப்பரில் வந்தது. "அவருக்கு வரிசை அறுந்துருச்சி தங்கச்சி, ஒனக்கும் இந்த வாரம் அறுந்துரணும்" என்று அண்ணன் விபூதி பூசி அனுப்பினார்.

இனிப் பயண விவரம். கேட்டில் சோதனை முடிந்து 6:10க்குக் கிளம்பினேன். மஸ்ஜித் தானாவுக்கு இரண்டு மைல் நடை, நாற்பத்தைந்து நிமிடம். 7:10க்கு பஸ், கட்டணம் எண்பது காசு. டிரைவருக்கு நேர் பின்னால் உட்கார்ந்தேன். நிறுத்தச் சொல்லிக் கொடுக்க யாரும் இல்லை, ஆனால் பஸ் என்பது நிற்பதற்காகவே ஓடுகிற வண்டி அல்லவா? டிரைவர் பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் நானும் தரையை மிதித்தேன். நின்றதும் மனதுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினேன். அதற்குப் பிறகுதான் காலை எடுத்தேன்.

கண்டக்டர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே வந்தார். "என்னாக்கா, பஸ்ஸு தரைய ஓட்ட போட்டுருவீங்க போலருக்குலா."

"ஓட்ட விழுந்தா நான் அடச்சித் தரேன். நீங்க டிக்கெட்ட கிழிங்க" என்றேன்.

சுங்கை ஊடாங்கில் சாலைத் தடுப்பு. எல்லாரையும் இறக்கி, அடையாள அட்டை பார்த்து, பைகளைக் கொட்டிப் பார்க்க இருபத்தைந்து நிமிடம். தங்கா பத்துவில் முதல்முறையாகக் கடல் தெரியும், இடது பக்கம் உட்கார்ந்தால் தெரியாது, வலது பக்கம் உட்காருங்கள். தஞ்சோங் கிளிங்கில் சாலையோரமாக வலைகளைக் காயப்போட்டிருந்தார்கள். நான் கடலை அதிகம் பார்க்கவில்லை, டிரைவரின் காலைத்தான் பார்த்தேன். வழியில் பஸ் முப்பத்தொரு தடவை நின்றது. 8:50க்கு மலாக்கா.

தோட்டத்திலிருந்து ஒன்றும் கொண்டுவர முடியாது என்பதால் நல்ல பசி. பஸ் நிலையத்துப் பக்கத்தில் ஒரு காக்கா கடை. தமிழ் முஸ்லிம் கடைக்காரர்களை நாங்கள் காக்கா என்றுதான் கூப்பிடுவோம். ரொட்டி சானாயும் தேத்தண்ணியும் முப்பது காசு.

"இன்னிக்கும் டெஸ்டா நர்ஸம்மா?"

"ஆமா காக்கா. இதான் கடைசி."

"போன தடவயும் சாப்புடாமத்தான போனீங்க? இன்னும் ஒரு ரொட்டி சாப்புடுங்க, காசு வேணாம். வயித்துல பசி இருந்தா காலுல பொறுமை இருக்காது."

சாப்பிட்டேன்.

பத்து மணிக்கு டெஸ்ட். அதற்கென்றே டவுனில் ஒரு பழைய கார் வாடகைக்குக் கிடைக்கும், ஐந்து வெள்ளி, அதாவது ஐந்து மலாயா டாலர். அதிகாரி ஒரு மலாய்க்காரர், அதிகம் பேசமாட்டார். என்னைப் பார்த்ததும் "லாகி?" என்றார். மறுபடியுமா என்று அர்த்தம். புக்கிட் சீனா ஓரத்து மேட்டில் நிறுத்தி எடுக்கச் சொன்னார், எடுத்தேன். பிறகு பாச்சாங் பக்கம் போகச் சொன்னார். ஐந்து முறையும் நான் விழுந்தது அங்கேதான்.

பாச்சாங் சந்திப்பு வந்தது. இடது பக்கம் யாருமில்லை, வலது பக்கமும் யாருமில்லை. போ, போ என்று கால் துடிக்கிறது. நின்றால் சுடுவான் என்று முதுகு சொல்கிறது. பயம்தான், அதில் என்ன வெட்கம்? பிரேக்கை முழுசாக மிதித்தேன். வண்டி செத்த மாதிரி நின்றது. ஒன்று. இரண்டு. மூன்று. பின்னால் ஒரு சைக்கிள்காரர் மணி அடித்தார். அடிக்கட்டும் என்று இரண்டு பக்கமும் இன்னொரு முறை பார்த்துவிட்டுத்தான் எடுத்தேன்.

10:40க்கு ஆபீஸ் வாசலில் நிறுத்தினேன். அதிகாரி காகிதத்தில் என்னவோ எழுதினார், ஒரு யுகமாக எழுதினார். பிறகு "லுலுஸ்" என்றார். தேறிவிட்டேன். அந்த மனிதர் முன்னாலேயே ஸ்டியரிங்கில் தலையை வைத்துச் சத்தம் போட்டு அழுதேன். அவர் கதவைத் திறந்துகொண்டு இறங்கிப் போனார். நல்ல மனிதர்.

இந்தச் சாலையில் போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். காலை ஏழுக்கு முன் கிளம்பிவிடுங்கள், பத்துக்கு மேல் வெயில் தாங்காது. தோட்டம் இருந்த இடத்தில் இப்போது பாதி பாமாயில் எடுக்கும் செம்பனை, பாதி வீடுகள், பார்க்க ஒன்றுமில்லை. சாப்பாட்டைத் தஞ்சோங் கிளிங்கில் வைத்துக்கொள்ளுங்கள், மீன் நன்றாக இருக்கும். பாச்சாங்கில் இப்போது சிக்னல் விளக்குகள் வந்துவிட்டன, எரிச்சலூட்டும் அளவுக்கு நிற்க வேண்டியிருக்கும். நில்லுங்கள். ஒரு விஷயத்தில் ஐந்து முறை தோற்றுவிட்டு ஆறாவது முறைக்கு வெட்கப்படுபவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்கள் கணக்கை யார் எழுதுகிறார்கள் என்று ஒருமுறை போய்ப் பாருங்கள், தப்பாக இருந்தால் சண்டை போடுங்கள்.

எவ்வளவு நேரம் ஆகும் என்றும் அந்தத் தம்பி கேட்டிருந்தார். மஸ்ஜித் தானாவிலிருந்து இன்று காரில் நாற்பது நிமிடம், சைக்கிளில் நிதானமாக இரண்டரை மணி. லைசென்ஸ் கிடைத்த பதினோராம் நாள், செல்லம்மா என்ற பெண்ணுக்கு அதே மாதிரி ரத்தப்போக்கு. பின்னால் அவளும் அவள் கணவனும், என் பக்கத்தில் துப்பாக்கியோடு ஒரு காவலர். தோட்டத்துச் சாலையில் மாணிக்கம் அண்ணன் சொன்னபடி நடுவில், நிற்காமல் ஓட்டினேன். பெரிய சாலையில் அதிகாரி சொன்னபடி ஓட்டினேன். காலை 10:05க்குக் கேட்டைத் தாண்டினோம், சாலைத் தடுப்பில் நின்றதையும் சேர்த்து 11:00க்குப் பெரியாஸ்பத்திரி. குழந்தை பிறந்தது 11:10க்கு. பெண் குழந்தை. தாயும் பிழைத்தாள்.