சிவமலர் ஆராய்ந்தது பாண் ஈஸ்ட் அல்ல

சிவமலர் இறந்துவிட்டதாக அவருடைய தம்பி புளியங்கூடலிலிருந்து தொலைபேசியில் சொன்னார். அழுதேன். மறுநாள் மரண அறிவித்தலில் ‘பாண் ஈஸ்ட் ஆராய்ச்சியாளர்’ என்று கண்டதும் கோபம் வந்துவிட்டது. தம்பியை அழைத்தேன்.

“செத்தவீட்டிலை இதுவோ அண்ணை பிரச்சினை?”

“ஓம், இதுதான் பிரச்சினை. கல்வெட்டிலை நான் எழுதுறன்.”

ஆகவே, முப்பத்தோராம் நாளில் உங்கள் கைக்கு வரும் கல்வெட்டு என்னும் இந்த நினைவு நூலில் அதைத் திருத்துகிறேன். அவர் ஆராய்ந்தது பாணுக்கு, அதாவது ரொட்டிக்கு, மாவைப் பொங்கவைக்கும் ஈஸ்ட் அல்ல; மனித உடலில் வாழும் வேறொரு ஈஸ்ட். உயிரணுவாகிய கலம் இரண்டாகப் பிரியும்போது, பரம்பரைச் செய்தியைச் சுமக்கும் நிறமூர்த்தங்களை ஓரிடத்தில் பிடித்துத்தான் இருபக்கமும் இழுக்க முடியும். அந்தப் பிடியிடம் சென்ட்ரோமியர். அதை வெட்டி எடுத்தால் நிறமூர்த்தம் தொலைந்துபோக வேண்டும். ஆனால் சில கலங்களில், பெரும்பாலும் பழைய இடத்துக்கு அருகிலேயே, புதிய பிடி உண்டாகிவிடும்.

நான் பள்ளிக்கூடம் முடிக்காதவன். இவற்றை நானே படித்தேன். மரபணு எழுத்துகளின் வரிசைதான் அந்த இடத்தைத் தீர்மானிக்கும் என்று வேலணை பஸ்ஸில் அவரோடு சண்டை பிடித்தேன்.

“பாண் ஈஸ்டிலை நீங்கள் சொல்லுறது சரி அண்ணை. என்ரை ஈஸ்டிலை ஒரு புரதம் போய்க் குந்துற இடம்தான் பிடி. ஒருக்கால் குந்திட்டால், பிள்ளைக் கலத்திலையும் அங்கைதான் குந்தும்.”

“ஏன் அந்த இடத்திலை குந்துது?”

“அது முழுசாத் தெரிஞ்சால் நான் ஏன் உங்களோடை நிண்டு மினக்கெடுறன்?”

பஸ்ஸே சிரித்தது.

ஒருமுறை ஈஸ்டைக் காட்டச் சொல்லி, மண்கும்பானில் ஒரு போத்தல் கள்ளு வாங்கிக்கொண்டு அவருடைய ஆய்வுகூடத்துக்குப் போனேன். நுணுக்குக்காட்டியில் நெடுநேரம் பார்த்தார். “இது கள்ளில்லை, புளிக்காத கருப்பணி. ஈஸ்ட் வளரவிடாமலெல்லோ முட்டிக்குச் சுண்ணாம்பு பூசுறது! குடியாத மனிசன் கள்ளு வாங்கினால் இப்பிடித்தான்.”

பிறகு அவருடைய ஆராய்ச்சியைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். போரில் இடம்பெயர்ந்த எங்கள் தீவுச் சனம் வேறிடங்களில் காலூன்றியதோடு ஒப்பிட்டு ஐந்தாறு வரியில் ஒரு பந்தி. அதைக் குறுக்கே கோடு போட்டு வெட்டினார்.

“ஈஸ்ட் எங்களைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லை அண்ணை. அதைத் தன்ரை பாட்டிலை விடுங்கோ.”

கொஞ்சக் காலம் நான் அவரோடு பேசவில்லை.

இப்போது தம்பி இந்த நூலுக்கு அந்தப் பந்தியைத்தான் கேட்டார். “அதைப் போட்டால் சனம் அழும் அண்ணை.”

மறுத்துவிட்டேன். அது நல்ல பந்தி என்றே இன்றும் சொல்வேன். யார் சொல்லியும் என் எழுத்தில் ஒரு வரி மாற்றியதில்லை. சிவமலர் போட்ட அந்தக் கோட்டை மட்டும் அப்படியே வைத்திருக்கிறேன்.