மோட்டர் போடாமல் ஏறிய மேடு

மின்சாரச் சைக்கிள் வாங்கலாமா, அவ்வளவு காசு கொடுக்கப் பெறுமதியா என்று இப்போதும் யாராவது என்னிடம் கேட்பார்கள். பெறுமதிதான் என்று சுருக்கமாகச் சொல்லிவிடுவேன். விளக்கமாகச் சொல்லப் புறப்பட்டால் ஊரிலிருக்கிற மடு மாதா கோவிலிலிருந்து தொடங்க வேண்டும். கடைக்குப் போக அவசரப்பட்டுக்கொண்டு நிற்கிற மனிதருக்கு அவ்வளவு பொறுமை இருக்காது.

டென்மார்க் தட்டையான நாடு என்று சொல்பவர்கள் வைலேக்கு வந்து பார்க்காதவர்கள். இங்கே ஸ்டேஷனும் கடைகளும் கீழே, கடல் உள்ளே நுழைகிற ஓரத்தில் இருக்கின்றன. எங்கள் வீடும் கீழேதான். நான் அப்போது பராமரித்த முதியவர்கள் எல்லாரும் மேலே இருந்தார்கள். அவர்களைக் குளிக்க வார்ப்பது, மருந்து கொடுப்பது, இறுக்கமான காலுறையை மல்லுக்கட்டி மாட்டிவிடுவது எல்லாம் என் வேலை. வீட்டுக்கு வீடு சைக்கிளில்தான் போக வேண்டும். வருடக்கணக்காக மீன் தொழிற்சாலையில் நின்றுவிட்டு, டேனிஷ் படித்து, பரீட்சை எழுதி எடுத்த வேலை அது. மீன் என்னோடு கதைத்ததில்லை. இந்தக் கிழடுகள் கதைத்தார்கள், சண்டை பிடித்தார்கள், பிறந்தநாளுக்குக் கேக் வெட்டித் தந்தார்கள். அந்த வேலையை எனக்கு உயிராகப் பிடித்திருந்தது.

ஆனால் முழங்கால் மக்கர் பண்ணியது. இலங்கைப் போரின் கடைசி வருடம் பிறந்த தை மாதத்தில் வைத்தியர் கையை விரித்தார். ஒன்றில் மேட்டில் சைக்கிள் உழக்குவதை நிறுத்து, இல்லாவிட்டால் மோட்டர் பூட்டிய சைக்கிளை வாங்கு என்றார். கடையில் விலையைப் பார்த்த என் கணவர் அந்த அட்டையைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார்.

"இந்தக் காசுக்கு ஊரிலை ஒரு லாண்ட்மாஸ்டர் எடுத்து வயலே உழலாம்," என்றார்.

"வைலேயிலை எனக்கு வயல் இல்லை. மேடுதான் இருக்கு," என்றேன்.

வாங்கினோம். தேவாலயத்தில் தமிழ்ப் பூசைக்குப் போன இடத்தில் ஒருத்தர் விடாமல் விலையை விசாரித்தார்கள். இதற்கு ஒரு பழைய கார் எடுத்திருக்கலாமே என்று அனுதாபப்பட்டார்கள். வேலையிடத்து டேனிஷ் பெண்களோ வேறு மாதிரிச் சிரித்தார்கள். அது பென்ஷன் எடுத்தவர்களுக்கானது, அதில் ஏறுவது கள்ள விளையாட்டு என்றார்கள். வியர்க்காமல் மேடு ஏறுவது பாவம் என்பதில் டேனிஷ்காரருக்கும் ஒரு மதம் இருக்கிறது. நான் இரண்டு கூட்டத்தையும் கணக்கெடுக்கவில்லை. பொத்தானை அமத்தினால் சைக்கிள் தானாக உந்தியது. மேட்டில் ஏறும்போது பாட்டுப் பாட எனக்கு மூச்சு மிச்சம் இருந்தது.

அந்தச் சந்தோஷம் சில கிழமைகள்தான் நீடித்தது. அக்கா சண்டை நடந்துகொண்டிருந்த வன்னியில் இருந்தாள். ரீச்சர். கல்யாணம் கட்டாதவள். அம்மா இல்லாத வீட்டில் என் தலையை இழுத்துப் பின்னி, கணக்குப் பிழைத்தால் குட்டி, என்னை ஆளாக்கியவள். தை கடைசியில் ஒரு நாள் போன் எடுத்தாள். "நாங்கள் கடற்கரைப் பக்கம் போறம். இனிப் போன் இராது. நீ யோசிச்சுக்கொண்டிராதை," என்றாள். அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை.

எங்கள் ஆட்கள் மாதாவோடு பேரம் பேசுகிறவர்கள். சங்கிலி போடுகிறேன், நடந்து வருகிறேன், மச்சம் மாமிசம் சாப்பிடாமல் இருக்கிறேன் என்று எதையாவது முன்னால் வைத்துத்தான் கேட்போம். முந்தின வருடம் ஷெல்லடிக்குப் பயந்து மடு மாதாவின் சுரூபத்தையே கோவிலிலிருந்து தூக்கிக்கொண்டு போக வேண்டி வந்தது. இடம்பெயர்வது என்றால் என்னவென்று தெரிந்த மாதா என்று எனக்கு ஒரு துணிவு. தவக்காலம் தொடங்கிய அன்று நெற்றியில் சாம்பலோடு முழங்காலில் இருந்து யோசித்தேன். எதை விடுவது? இறைச்சியில் எனக்குப் பெரிய ஆசை கிடையாது. பிடிக்காததை விட்டுக்கொடுத்து மாதாவை ஏமாற்ற முடியாது. அந்த நேரத்தில் எனக்கு இந்த உலகத்தில் இனித்தது அந்தப் பொத்தான் ஒன்றுதான். அக்காவின் குரலைக் கேட்கும்வரை மோட்டரைப் போடமாட்டேன் என்று நேர்ந்துகொண்டேன்.

பழைய சைக்கிளிலேயே போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். அதில் போனால் அது எப்படி நேர்த்தியாகும்? பெருவிரலுக்குப் பக்கத்தில் பொத்தான் இருக்க வேண்டும், அதை அமத்தாமல் இருக்க வேண்டும்.

மோட்டர் போடாத மின்சாரச் சைக்கிளைப் போல ஒரு சனியன் இல்லை. பட்டரியும் இரும்புமாகப் பாரம் தாங்காது. வைலே முழுவதிலும் அதிக விலை கொடுத்து அதிகம் கஷ்டப்பட்டது நானாகத்தான் இருக்கும். மேட்டின் பாதியிலேயே இறங்கித் தள்ளுவேன். வியர்வையில் குளித்துக்கொண்டு முதல் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தால், அங்கே இருக்கிற மூதாட்டி மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பார். அவர் குளிக்க வேண்டுமா நான் குளிக்க வேண்டுமா என்று ஒருநாள் கேட்டே விட்டார்.

வீட்டில் நான் ஒன்றும் சொல்லவில்லை. பட்டரியை சார்ஜ் பண்ணுவது கணவரின் பொறுப்பு. அவர் ஒவ்வொரு ஞாயிறும் பார்ப்பார், அது நிறைந்தபடியே இருக்கும். மனிதருக்குப் பிடிபடாத சந்தோஷம். ஒருமுறை ஏற்றினால் மாதக்கணக்கில் நிற்கிறது, கொடுத்த காசு வீண்போகவில்லை என்று பூசை முடிந்து தேத்தண்ணீர் குடிக்கிற இடத்தில் விளம்பரம் செய்தார். அதை நம்பி ஹோர்சன்ஸிலிருந்து வருகிற ஒரு குடும்பம் அதே சைக்கிளை விசாரிக்கப் போனது. அப்படியொரு பட்டரி கிடையாது என்று கடைக்காரர் சிரித்திருக்கிறார். கணவர் வீட்டுக்கு வந்து சைக்கிளின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு என்னிடம் வந்தார்.

சொன்னேன்.

"உமக்கு விசரே? மடு மாதா உம்மட்டை முழங்காலையே கேட்டவ?"

"அவ கேக்கேல்லை. நான்தான் குடுத்தனான்."

அவர் கத்தினார், நானும் கத்தினேன். மகளுக்கு அப்போது பத்து வயது. எங்கள் சண்டைக்கு நடுவில் வந்து, பெரியம்மா வரும்வரை நானும் லிஃப்டில் ஏறாமல் இருக்கவா என்று டேனிஷில் கேட்டாள். அதற்குப் பிறகு கணவர் அந்தக் கதையை எடுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் சங்கிலிக்கு எண்ணெய் விட்டார், டயருக்குக் கல் மாதிரிக் காற்றடித்தார். உழக்கக் கொஞ்சம் இலகுவாக இருக்கும் என்றார். அவரை நான் மிகவும் நேசித்த நாட்களில் அவையும் அடங்கும்.

ஈஸ்டர் போனது. மே மாதத்தில் போர் முடிந்துவிட்டது என்று சொன்னார்கள். அன்றைக்குக் கணவர் கம்ப்யூட்டரில் அங்கிருந்து வந்த வீடியோக்களை நிறுத்தி நிறுத்தி, தண்ணீருக்குள்ளால் நடந்து வருகிற சனத்தின் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு மெலிந்த பெண்ணும் எனக்கு அக்கா மாதிரி இருந்தாள், ஒருத்தியும் அக்காவாக இல்லை. மறுநாள் நான் வேலைக்குப் போனேன். மேலே மரங்கள் எல்லாம் பச்சை போட்டிருந்தன, சனம் தோட்டத்தில் இறைச்சி சுட்டுக்கொண்டிருந்தது. எனக்கு எல்லார்மேலும் கோபம் வந்தது. சண்டைதான் முடிந்துவிட்டதே, இனி மோட்டரைப் போடலாம்தானே என்று கணவர் மெதுவாகக் கேட்டார். நான் சண்டைக்கு நேரவில்லை, அக்காவுக்குத்தான் நேர்ந்தேன் என்றேன்.

ஜூனில் ஒரு காலை, மேட்டின் நடுவில் முழங்கால் பூட்டிக்கொண்டது. அசைக்க முடியவில்லை. வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நாயோடு நடந்து வந்த ஒரு டேனிஷ்காரர் நின்று, பட்டரி முடிந்துவிட்டதா என்று கேட்டார். விளக்கம் சொல்லத் தெம்பில்லாமல் ஓம் என்று தலையாட்டினேன். நல்ல மனிதர். நாயை என் கையில் தந்துவிட்டு, குனிந்து பார்த்து, பொத்தானை அமத்திவிட்டார். விளக்குகள் எல்லாம் எரிந்தன. "முழுக்க இருக்கிறதே!" என்று, லாசரைக் கல்லறையிலிருந்து எழுப்பியவர்போல என்னைப் பார்த்துச் சிரித்தார்.

நான் கத்திக் குழறிவிட்டேன். தமிழில்தான் குழறினேன். அந்த மனிதர் இரண்டு கையையும் உயர்த்திக்கொண்டு பின்னால் போனார். நான் எட்டி மோட்டரை நிறுத்தி, நாயைக் கொடுத்து, மன்னிப்புக் கேட்கவும் மறந்து நொண்டி நொண்டித் தள்ளிக்கொண்டு போனேன். போகிற வழியெல்லாம் "மாதாவே, அது அவன் போட்டது, நான் இல்லை" என்று சொல்லிக்கொண்டே போனேன். அக்காவை நானே கொன்றுவிட்டேன் என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றியது. பைத்தியக்காரத்தனம் என்று இன்றைக்குத் தெரிகிறது. அன்றைக்கு அதைவிட உண்மையான விஷயம் எனக்கு இருக்கவில்லை.

பின்னேரம் கணவரிடம் சொன்னேன். சிரிப்பார் என்று பார்த்தேன். அவர் கதிரையை இழுத்து எனக்கு முன்னால் இருந்து, வழக்கு விசாரிக்கிறவர்போலக் கேட்டார்.

"சில்லு சுத்தினதே?"

"இல்லை."

"அப்ப மோட்டர் ஓடேல்லை. லைற் எரிஞ்சது மட்டும்தான். லைற்றுக்கு நீர் நேர்ந்தனீரே?"

"இல்லை."

"அப்ப நேர்த்தி நிக்குது. அழாதையும்."

அப்படிச் சொன்னவர்தான் முதலில் அழுதார்.

ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். நான் கறிக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். போன் ஒருதரம் அடித்து நின்றது. இலங்கை நம்பர். அங்கிருந்து ஒரு அடி அடித்து விட்டால் நாங்கள் திருப்பி எடுக்க வேண்டும் என்பது வழக்கம். கணவர் எடுத்தார், எடுத்தார், லைன் கிடைக்கவில்லை. கடைசியில் ஒரு பெடியனின் குரல். "பொறுங்கோ, ரீச்சரிட்டைக் குடுக்கிறன்" என்றது. கணவர் போனை என் காதில் அழுத்திப் பிடித்தார்.

"பிள்ளை," என்றாள் அக்கா. சண்டைக்குள்ளிருந்து வந்த சனத்தை வைத்திருந்த முகாமிலிருந்து கதைத்தாள்.

எனக்கு வாயில் வந்த முதல் கேள்வி, "அக்கா, ரெண்டு காலும் இருக்கோ?"

"இருக்கு. கையும் இருக்கு. ஒரு காதுதான் கேக்குதில்லை. மற்றக் காதிலை வைச்சுக் கதைக்கிறன். அழாதை, எனக்கு விளங்காது."

நான் அழுகையை விழுங்கிக்கொண்டு, எத்தனையோ கேட்க இருக்க, "அக்கா, இனி நான் மோட்டரைப் போடலாம்" என்றேன்.

"என்ன மோட்டர்?"

சொன்னேன். விலையிலிருந்து நேர்த்திவரை மூச்சு விடாமல் சொன்னேன்.

"எடி விசரி," என்றாள். குரல் உடைந்திருந்தது, ஆனால் ரீச்சர் குரல்தான். "நான் இவ்வளவுக்குள்ளாலையும் ரெண்டு காலையும் காப்பாத்திக்கொண்டு வந்து நிக்கிறன். நீ அங்கை சொகுசா இருந்துகொண்டு ஒரு காலை முடிச்சு வைச்சிருக்கிறாய். நாளைக்கு மோட்டரைப் போடு. போட்டிட்டு எனக்குச் சொல்லு."

மறுநாள் போட்டேன். முழங்கால் நோவோடுதான் ஏறினேன், ஆனால் ஏறினேன். எந்த இடத்திலும் இறங்கவில்லை. வழக்கத்தைவிட முந்திப் போய்விட்டதால் மூதாட்டியின் வீட்டுத் திரைச்சீலை இன்னும் விலகவில்லை. வாசலில் நின்று, கீழே வெயிலில் கிடந்த தண்ணீரைப் பார்த்து, ஆசை தீர அழுதுவிட்டு மணியை அடித்தேன். நேரத்துக்கு வந்துவிட்டாயே என்று அவர் சந்தேகமாகப் பார்த்தார்.

அடுத்த ஞாயிறும் அதே நம்பரிலிருந்து ஒரு அடி. அந்த முகாமைச் சுற்றி முள்ளுக்கம்பி, வெளியே போக விடுவதில்லை, தண்ணீருக்கும் வரிசை என்று நாங்கள் அதற்குள் கேள்விப்பட்டிருந்தோம். சாப்பாடு எப்படி, காதுக்கு மருந்து கிடைக்குமா என்றெல்லாம் கேட்க ஆயத்தமாக இருந்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"போட்டனியோ?"

"போட்டனான்."

"எப்பிடி இருந்தது?"

"நல்லா இருந்தது, அக்கா."

"அப்பிடிச் சொன்னா எனக்கு என்ன விளங்கும்? வாசல்லை இருந்து சொல்லு."

வாசலிலிருந்து சொன்னேன். பேக்கரி தாண்டியதும் காற்றில் வருகிற பாண் வாசத்தைச் சொன்னேன். றோட்டு நிமிரத் தொடங்குகிற இடத்தைச் சொன்னேன். பொத்தானை அமத்தியதும் முதுகில் யாரோ கைவைத்துத் தள்ளினதுபோல இருந்ததைச் சொன்னேன். நான் முன்பு இறங்கித் தள்ளிய வளைவைச் சொன்னேன், அங்கே ஒரு பஸ் எனக்கு வழிவிட்டதைச் சொன்னேன். அந்த வளைவைச் சொல்ல மறந்து கதையில் நேராக மேலே போகப் பார்த்தபோது கணவர் பக்கத்தில் நின்று நினைவூட்டினார். போன் கார்ட்டில் நிமிடங்கள் கரைவதைப் பற்றி மனிதர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அக்காவுக்குப் பின்னால் போனுக்குக் காத்திருக்கிற ஆட்களின் சத்தம் கேட்டது. மேலே ஏறி முடிந்ததும் சுற்றி என்னவெல்லாம் தெரியும் என்று கேட்டாள். ஊர் முழுக்கத் தெரியும், கடல் தெரியும், கோபன்ஹேகனுக்குப் போகிற ரயில்கூடத் தெரியும் என்றேன்.

"இன்னொருக்காச் சொல்லு," என்றாள்.

நான் திரும்பவும் வாசலிலிருந்து தொடங்கினேன்.