உண்டியல் என்று பெயர் வைத்தேன்

தம்பியின் பள்ளிச் சீருடை ஆறே மாதத்தில் குட்டையானபோதுதான் அந்த யோசனை பளிச்சிட்டது: நாங்கள் குடியிருக்கும் குவைத்தின் அப்பாசியா பகுதியில் பழைய துணிகளை விற்க, வாங்க ஓர் இணையதளம்! இரண்டே வாரத்தில் செய்துவிட்டேன். கார்டில் பணம் வாங்கத்தான் வழியில்லை. அதனால் எங்கள் கட்டடத்தின் கீழே உள்ள மளிகைக் கடையில் பூட்டிய பெட்டி ஒன்றை வைத்து, ‘உண்டியலில் பணம் கட்டலாம்’ என்று என் செல் நம்பரோடு பத்துக் கட்டடங்களில் நோட்டீஸ் ஒட்டினேன்.

மறுநாளே ஒருவர் கூப்பிட்டார். “தங்கச்சி, முந்நூறு தினார் இருக்கு. பரமக்குடியில வீட்டுக்கே கொண்டாந்து குடுத்துருவீங்கள்ல?”

“எத்தனை சட்டைண்ணே?”

“சட்டையா? உண்டியல்காரங்க நீங்கதானே?”

கடைக்காரர் காதர் பாயிடம் சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. “அடி பாவிப்புள்ள! இங்க உண்டியல்னா பேங்க் இல்லாம திருட்டுத்தனமா ஊருக்குப் பணம் அனுப்புறது. போலீஸுக்குத் தெரிஞ்சா உங்க அத்தா விசா கலாஸ், அதோட முடிஞ்சுது!”

அப்பாவின் விசாவில்தான் எங்கள் குடும்பமே இருக்கிறது. ஓடிப்போய் ஒன்பது நோட்டீஸைக் கிழித்தேன். பத்தாவதன் முன் ஒரு போலீஸ்காரர் நின்றிருந்தார்! அரபியில் ஏதோ கேட்டார். துணி விற்கிற நோட்டீஸ் என்று புரியவைக்க என் சட்டைக் கையை இழுத்துக் காட்டினேன். “தையல்காரியா?” என்பதுபோல் சைகை செய்து, சிரித்துக்கொண்டே போய்விட்டார். அதையும் கிழித்தேன்.

இப்போதெல்லாம் காதர் பாய்க்குப் படித்துக் காட்டாமல் ஒரு வரிகூட ஒட்டுவதில்லை. வருகிற வெள்ளிக்கிழமை, துணியைக் கையில் கொடுத்துக் காசைக் கையிலேயே வாங்கிப் பார்க்கப் போகிறேன். அதற்குப் பெயரே வைக்கவில்லை.